மெஹருன்னிசா மன்னிக்கவில்லை

மெஹர் இறந்த செய்தி எனக்கு வரக்கூடாத ஆளிடமிருந்து வந்தது.

உக்கடம் பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசியைத் திறந்தால் மெஹருன்னிசாவின் படம். பழைய அலுவலகக் குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. அவர் தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய கையோ பாதியாகத் தெரிந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது: "எங்கள் குடும்பத்தின் மூத்த உறுப்பினர், என் வழிகாட்டுதலில் ஏஐ ஏஜெண்டுகளுக்கான முதல் கையேட்டை உருவாக்கியவர், இன்று அதிகாலை நம்மை விட்டுப் பிரிந்தார்." எழுதியவர் எங்கள் பழைய நிறுவனத்தின் துணைத் தலைவர். மெஹரை அந்த நிறுவனத்திலிருந்து வெளியே தள்ளியவர் அவர்தான்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. "என் வழிகாட்டுதலில்" என்ற அந்தச் சொல்லைப் பார்த்தபடியே நின்றேன். பொள்ளாச்சி வண்டி வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிறகு சாலையைக் கடந்து கோட்டைமேட்டுக்கு நடந்தேன். மெஹரின் வீடு அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். எத்தனையோ மாலை அந்த வழியில் இருவரும் பேசிக்கொண்டே நடந்திருக்கிறோம்.

வீட்டில் அவருடைய தங்கை ஷமீமா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "விடியக்காலம் பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சாங்க சுமதிக்கா. நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குதுன்னு கட்டில்ல உக்காந்தாங்க. அவ்வளவுதான். உங்களுக்குப் போன் பண்ணோணும்னுதான் நினைச்சேன், கையே ஓடலை" என்றார். நான் செய்தி வந்த விதத்தைச் சொல்லவில்லை. வெள்ளைத் துணிக்குள் மெஹரின் முகம் கொஞ்சம் எரிச்சலோடு இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. என் மனசு அப்படிப் பார்த்திருக்கலாம். நண்பகல் ழுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை, மெஹரின் உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பெண்களோடு உள் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் துணைத் தலைவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மெஹர் எழுதிய பக்கத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவருக்கு, மெஹரைப் பற்றி எழுதும் பக்கத்தில் இடம் கிடையாது. அவர்தான் மெஹரைக் கொன்றார் என்றும் எழுத மாட்டேன். மிகைப்படுத்திச் சொல்வது மெஹருக்குப் பிடிக்காது. செய்ததைச் செய்தபடி சொன்னாலே போதும். அதுவே தேவைக்கு மேல் இருக்கிறது.

இதைப் படிக்கப்போகும், மெஹரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு எங்கள் தொழில் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் கணினிக்குள் அது எண்ணற்ற சிறு முக்கோணங்களால் பின்னிய வலையாக வந்து நிற்கும். அதைத்தான் மெஷ் என்கிறோம். ஸ்கேன் செய்யும்போது வலையில் ஓட்டை விழும், மேடுபள்ளம் வரும், தேவையில்லாத துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சரிசெய்யும் மென்பொருள் எங்களுடையது. கோவையின் பம்பு கம்பெனிகளும் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளும் அதை வாங்கின. செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றும் வாங்கியது.

பிறகு ஏஐ ஏஜெண்டுகள் வந்தன. ஆள் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துச் செய்த வேலையை, "இந்த மெஷ்ஷைச் சரிசெய்" என்று ஒரு வாக்கியத்தில் ஏஜெண்டிடம் ஒப்படைக்கிற காலம் வந்தது. ஏஜெண்டுக்கு நம்மைப்போல் கண்ணும் அனுபவமும் இல்லை. எந்தக் கட்டளை என்ன செய்யும், எதைக் கெடுக்கும் என்று அதற்குத் தெரிவதெல்லாம் கையேட்டில் எழுதியிருப்பதுதான். அந்தக் கையேட்டை எழுதும் பொறுப்பு மெஹருக்கு வந்தது. இயற்பியல் படித்துவிட்டு, நெசவு இயந்திரங்களுக்கும் பம்புகளுக்கும் வருடக்கணக்காகக் கையேடு எழுதியவர் அவர். ஏஜெண்டிடம் அதைக் கொடுத்து, என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னைச் சில நேரம் சுமதி என்பார், கிண்டல் வந்தால் அம்மணி என்பார்.

முதல் வாரம் நடந்தது நினைவிருக்கிறது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்றின் ஸ்கேனை ஏஜெண்டிடம் கொடுத்து, ஓட்டைகளை அடைக்கச் சொன்னோம். அடைத்தது. எல்லா ஓட்டையையும் அடைத்தது. நடுவில் தண்டு நுழைய வேண்டிய துளையையும் சேர்த்து அழகாக மூடிவிட்டு, வேலை முடிந்தது என்று பணிவாகத் தெரிவித்தது. நான் சிரித்துவிட்டேன். மெஹர் சிரிக்கவில்லை.

"மனுசன் படிச்சா சந்தேகம் வரும், ஒருத்தர்கிட்ட கேப்பான். இது நாம எழுதினதை அப்படியே நம்பிப்போடுது சுமதி" என்றார். "நம்புறவங்களுக்கு எழுதறப்பத்தான் கை நடுங்கோணும்."

அன்றிலிருந்து அவர் கையேட்டை வேறு மாதிரி எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் அது செய்வதைச் சொன்ன கையோடு, அது கெடுப்பதையும் சொன்னார். எந்த இடத்தில் அந்தக் கட்டளையை ஓட்டக்கூடாது, ஓட்டிய பிறகு எதை அளந்து பார்க்க வேண்டும், எந்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டு மனிதரிடம் கேட்க வேண்டும் என்று எழுதினார். அளவு மில்லிமீட்டரிலா அங்குலத்திலா என்பதை ஊகிக்காதே, கேள் என்பது அவர் எழுதிய முதல் எச்சரிக்கை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வந்தால் அதைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவார். "ஏஜெண்ட் தப்பான பொருளைத்தான் எடுத்துக்கும்னு வெச்சுக்கங்க. அப்ப நாம எப்படி எழுதுவோம்?" என்று எங்கள் எல்லோரையும் கேட்டுப் பாடாய்ப் படுத்தினார்.

இதைப் படிக்கும்போது அவர் ஒரு பொறுமைசாலி என்று நினைத்துவிடப் போகிறீர்கள். இல்லை. வேலையில் இருந்த பொறுமை அவருக்கு ஆட்களிடம் இருந்ததே இல்லை. அலுவலகத்துக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. ஒரு மழை நாளில் அங்கே டீ குடிக்க ஒதுங்கிய மெஹரிடம், "டீ ஒண்ணுதானா? அப்ப வெளிய நின்னு குடிங்க, ஆளுக வர்ற இடம்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மெஹர் அந்தக் கடைப்பக்கம் திரும்பியதே கிடையாது. எதிர்ப்பக்க பேக்கரிக்கு, அவினாசி சாலையின் அத்தனை வண்டிகளையும் கடந்து போவார். எங்களையும் கூட்டிப்போவார். கடைசியில் எங்கள் தளம் முழுவதும் எதிர்க்கடையில் டீ குடிக்க ஆரம்பித்தது. அந்தக் கடைக்காரர் ஒரு நாள் மேலே வந்து, "ஏனுங்க, அன்னிக்கு ஏதோ வாய் தவறிப்போச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. தவறலைங்க, தெளிவாத்தான் சொன்னீங்க" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் மெஹர். நான் அவரை விரும்பியதில் இதுவும் உண்டு என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் தொடங்கியது ஸ்மூத் என்ற கட்டளையில். மேடுபள்ளத்தைச் சமப்படுத்தி வழவழப்பாக்கும் கட்டளை அது. பார்ப்பதற்கு நிரபராதி. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உருவம் கொஞ்சம் சுருங்கும், சின்னச் சின்ன மேடுகள் கரைந்துபோகும். பம்பில் அதனால் பெரிய கேடில்லை. செயற்கைக் காலில் உண்டு. கால் வெட்டுப்பட்டவரின் மிச்சக் காலை ஸ்கேன் செய்து, அந்த வடிவத்தைக் கொண்டுதான் கால் நுழையும் சாக்கெட்டைச் செய்வார்கள். எலும்பு தோலுக்கு நெருக்கமாக இருக்கும் இடங்களில் பட்டறைக்காரர் மெஷ்ஷின்மேல் வேண்டுமென்றே சிறு மேடு வைப்பார். அந்த இடத்தில் சாக்கெட் எலும்பை அழுத்தாமல் விலகி நிற்க வேண்டும் என்பதற்காக. ஸ்மூத் அந்த மேட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும்.

பட்டறையை நடத்தும் தேவராஜோடு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு அறிந்து, மெஹர் எழுதினார்: "உடம்பிலிருந்து எடுத்த ஸ்கேனில் இந்தக் கட்டளையை மனிதரிடம் கேட்காமல் ஓட்டாதே. ஓட்டினால், முந்தைய வடிவத்தோடு ஒப்பிடு. எந்த மேடாவது குறைந்திருந்தால் நிறுத்து. சொல்." நான் ஏஜெண்டிடம் கொடுத்துச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் அது நின்றது, கேட்டது. அன்றைக்கு மெஹர் எங்களுக்கெல்லாம் எதிர்க்கடையில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

வெளியூரிலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கும் நாள் நெருங்கியது. ஒத்திகையில் துணைத் தலைவர் வந்து உட்கார்ந்தார். ஏஜெண்ட் வேலையை ஆரம்பித்தது, நின்றது, கேள்வி கேட்டது. மறுபடி ஆரம்பித்தது, நின்றது, கேட்டது.

"ஏனுங்க மெஹர், இதென்னங்க, ஒவ்வொண்ணுக்கும் நம்மளைக் கேட்டுட்டே இருக்குது? பாக்கறவங்களுக்கு இது புத்தியில்லாத மாதிரி தெரியாதுங்களா?" என்றார்.

"கேக்கறதுதானுங்க சார் இதுக்கு இருக்கற புத்தி."

"அந்த எச்சரிக்கையெல்லாம் எடுத்துருங்க. டெமோ முடிஞ்சு பாத்துக்கலாம்."

"எடுக்க மாட்டேனுங்க. இது கால் செய்யற இடத்துக்கும் போகுதுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மெஹர் எடுக்கவில்லை. துணைத் தலைவரே எடுத்தார். நிறுத்து, கேள், ஒப்பிடு என்று இருந்த பகுதிகளை முழுவதுமாக நீக்கிவிட்டு, கையேட்டைப் பட்டறை உட்பட எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினார். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். டெமோவில் ஏஜெண்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. கைதட்டினார்கள். டெமோ முடிந்ததும் மெஹர் அவரிடம் போய் அந்தப் பகுதிகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். பார்க்கலாம் என்றார். நானும் போய், சோதனையில் என்ன ஆகிறது என்று காட்டினேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை.

பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாச்சிமுத்து என்று ஒருவர். கொப்பரைக் களம் வைத்திருப்பவர். டிராக்டர் கவிழ்ந்ததில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். பழைய செயற்கைக் கால் தளர்ந்துவிட்டது என்று தேவராஜின் பட்டறையில் புதிதாகச் செய்துகொண்டார். அந்த மெஷ்ஷைச் சரிசெய்தது ஏஜெண்ட். ஸ்மூத்தை ஓட்டியது. யாரையும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எலும்புக்கு மேலிருந்த மேடு கரைந்துபோனது.

நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி குறைவு. அழுத்தியது வலியாகத் தெரியாமல், புதுச் செருப்பு கடிப்பதுபோல்தான் தெரிந்திருக்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்று களத்தில் நடந்துகொண்டே இருந்தார். புண்ணாகி, உள்ளே சீழ் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போனபோது முழங்காலையும் காப்பாற்ற முடியவில்லை. தொடையில் வெட்ட வேண்டியதாகிவிட்டது.

தேவராஜ் அந்த சாக்கெட்டையும், தான் செய்து வைத்திருந்த வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார். "நானும் ஒருக்கா கையைப் போட்டுத் தடவிப் பாத்திருக்கோணுமுங்க. அது என்னோட தப்பு. நான் ஒத்துக்கறேன். உங்க தப்பை நீங்க ஒத்துக்குவீங்களா?" என்று வரவேற்பறையிலேயே சத்தம் போட்டார்.

அந்த வாரமே கையேட்டில் எழுதியவர் பெயர் மாறியது. துணைத் தலைவரின் பெயர் போய், மெஹருன்னிசா என்று வந்தது.

எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். கையேட்டில் முக்கியமான எச்சரிக்கை விடுபட்டுவிட்டது வருந்தத்தக்கது, எழுதியவர் பொறுப்பேற்று விலகிக்கொள்கிறார் என்று துணைத் தலைவர் வாசித்தார். நான் எழுந்தேன். "அந்த எச்சரிக்கை இருந்ததுங்க. நான் சோதிச்சிருக்கறேன். அதை எடுத்தது நீங்க" என்றேன். "நீங்க டெஸ்டிங்கை மட்டும் பாருங்கம்மா" என்றார், முகத்தைக்கூடத் திருப்பாமல். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். அந்தத் தலைகள் எல்லாம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கின்றன. அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படியுங்கள்.

மெஹர் மெதுவாக எழுந்தார். குரல் உயரவில்லை.

"சார், நான் உங்களை மன்னிக்க மாட்டேனுங்க. எல்லார்த்துக்கும் முன்னாடியே சொல்லிப்போடறேன். நாளைக்கு யாராவது வந்து, அவரு பாவம், உட்டுருங்கன்னு சமாதானம் பேசக்கூடாதில்லீங்க, அதுக்காகத்தான்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்றைக்கே அவர் பின்னால் போனேன். திரும்பிப் போகவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனோம். வேண்டாம், வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னவர்களின் பேச்சை மெஹர் காதிலேயே வாங்கவில்லை. களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து வேப்ப மரத்தடியில் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பாப்பாத்தி எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாங்கள் யார் என்று தெரிந்த பிறகும் கொடுத்தார்.

நாச்சிமுத்து கேட்டார், "ஏனுங்க அம்மணி, அந்த மிசினு தப்புப் பண்ணிப்போடுச்சுங்களா?"

"மிசின் பண்ணலீங்கண்ணா. அதுக்கு நான் சொல்லி வெச்சிருந்ததை ஒருத்தர் எடுத்துப்போட்டாருங்க. தெரிஞ்சே எடுத்தாருங்க."

"எதுக்குங்க?"

"வேகமா ஓடற மாதிரி காட்டறதுக்குங்க."

நாச்சிமுத்து திரும்பி, காய்ந்துகொண்டிருந்த கொப்பரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "அவரு வந்து ஒரு வார்த்த, நாந்தான் எடுத்தேன்னு சொல்லுவாருங்களா?" என்று கேட்டார்.

"இப்ப வரமாட்டாருங்க."

பாப்பாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவர், "அவன் நல்லா இருப்பானுங்களா? அவன் ஊட்டுல வெளக்கு எரியுமா?" என்று வெடித்தார். மெஹர் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். "சாபமெல்லாம் உட வேண்டாமுங்க. அது எப்பப் பலிக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் பாத்துக்கறேன்."

திரும்பும் பேருந்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். எனக்குள் வழக்கு, பத்திரிகை, வாசலில் போராட்டம் என்று ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. மெஹர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எழுதப்போறேன்" என்றார். "அவரு எதை எடுத்தாரோ அதையே எழுதப்போறேன். அவரோட சாப்ட்வேருக்கு இல்லை."

மெஷ் திருத்தும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. உலகத்தில் பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து செய்வது. வசதிகள் நிறைய, ஆனால் ஏஜெண்டுகளுக்கென்று உருப்படியான கையேடு இல்லை. அதனால் இந்த ஊரில் யாரும் அதைச் சீண்டவில்லை. மெஹர் அதற்குக் கையேடு எழுத உட்கார்ந்தார். கோட்டைமேட்டு வீட்டின் முன்னறையில், ஷமீமாவின் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, ஒவ்வொரு கட்டளையாக. நான் பகுதி நேர வேலை ஒன்று பார்த்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் அவர் எழுதியதை ஏஜெண்டுகளிடம் கொடுத்துச் சோதித்தேன். வேண்டுமென்றே கெட்ட மெஷ்களைக் கொடுப்பேன். ஏஜெண்ட் ஏமாந்தால் மெஹர் திட்டுவது ஏஜெண்டை இல்லை, தன் வாக்கியத்தை. "ஏன்டி இப்படி வளைஞ்சு நிக்கறே?" என்று திரையில் இருக்கும் வாக்கியத்தைப் பார்த்துக் கேட்பார்.

இரண்டு வருடம் போனது. முதலில் தேவராஜ் மாறினார். பிறகு பீளமேட்டுப் பவுண்டரிகள் ஒன்றிரண்டு. ஏஜெண்ட் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறது, வார்ப்பில் வீணாவது குறைகிறது என்று அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொன்னார்கள். பழைய நிறுவனத்தின் மென்பொருளை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். யார் யார் வந்தார்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் மெஹரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது நல்ல மனிதர்களின் முகத்தில் வரும் வெளிச்சம் இல்லை.

கல்லூரி ஒன்றில் அவரைப் பேச அழைத்தார்கள். ஒரு மாணவி எழுந்து, இவ்வளவு பெரிய சேவையைச் செய்ய உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மெஹர் ஒலிபெருக்கியை அருகில் இழுத்து, "சேவை இல்லீங்க கண்ணு, பழி" என்றார். எல்லோரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். மெஹர், அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "நெசமாத்தான் சொல்றேன்" என்றார்.

பிறகு ஒரு மாலை துணைத் தலைவரே வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். கையில் ஆப்பிளும் மாதுளையும் இருந்த பை. சந்துக்குள் கார் நுழையாமல் நடந்து வந்திருந்ததால் வேர்த்திருந்தது. மெஹர் அவரை உட்கார வைத்தார். ஷமீமாவிடம் டீ போடச் சொன்னார். வந்தவர் பழைய நாட்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, விஷயத்துக்கு வந்தார். மறுபடி வந்து எழுதித் தர வேண்டும், என்ன பதவி வேண்டுமானாலும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்.

"வாரேனுங்க சார்" என்றார் மெஹர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒண்ணே ஒண்ணுதானுங்க. பொள்ளாச்சிக்குப் போயி நாச்சிமுத்து அண்ணனைப் பாருங்க. அந்த எச்சரிக்கையை எடுத்தது நான்தான்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வாரேன்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அது சட்டப்படி சரியா வராதுங்க மெஹர். எழுத்து மூலமா ஏதாச்சும் வருத்தம் தெரிவிச்சு…"

"அப்ப டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க சார். ஆறிப்போகுது."

பழப் பையையும் கையோடு கொடுத்தனுப்பினார். வாசல் வரை போய், பார்த்துப் போகச் சொன்னார். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். "சரின்னு சொல்லிப்போடுவாரோன்னு பயந்துட்டேன் சுமதி. சொல்லியிருந்தா நான் போகோணுமே" என்றார். சிரித்தோம். ரொம்ப நேரம் சிரித்தோம்.

அடுத்த சில மாதங்களில் பழைய நிறுவனம் தன் மெஷ் மென்பொருளை இழுத்து மூடியது. துணைத் தலைவருக்கு வேறொரு பிரிவு, சின்ன அறை. செய்தி கேட்டு நான் இனிப்போடு போனேன். மெஹர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இது பாதிதான்" என்றார். "அவரு இன்னும் அந்த ஊருக்குப் போகலை."

மெஹர் போன அன்று நான் பொள்ளாச்சிக்குக் கிளம்பியதும் நாச்சிமுத்துவைப் பார்க்கத்தான். தொடைக்கு ஏற்ற புதுக் காலைத் தேவராஜ் செய்து முடித்திருந்தார். மெஹரின் கையேட்டைப் படித்த ஏஜெண்ட் அந்த மெஷ்ஷில் பல இடத்தில் நின்று, பல கேள்வி கேட்டு, தேவராஜைப் பொறுமையிழக்க வைத்துச் செய்த கால். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடப்பதை வந்து சொல்ல வேண்டும் என்று மெஹர் கேட்டிருந்தார். அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

எங்கள் தொழில்நுட்ப எழுத்தாளர்கள் குழு பீளமேட்டில் ஒரு கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தது. அழைக்காமலேயே துணைத் தலைவர் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். அவரை யாரோ பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து, மெஹர் தனக்கு அக்கா மாதிரி என்று ஆரம்பித்தார். தன் வழிகாட்டுதலில் எழுதிய அந்த முதல் கையேடு என்று போனார்.

நாச்சிமுத்துவை நான்தான் வரவழைத்திருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை; அந்த ஆள் வருவார் என்று எனக்குத் தெரியும். விளம்பரம் கிடைக்கும் இடத்துக்கு வராமல் இருக்க மாட்டார். பாப்பாத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து எழுந்தார். பாப்பாத்தியின் கையை விலக்கிவிட்டு, ஊன்றுகோலோடு நடுவழியில் நடந்து வந்தார். புதுக்கால் தரையில் படும் சத்தம் கேட்டதும் மேடையில் பேச்சு தடுமாறியது.

"நீங்கதானுங்களா அது?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"நீங்க யாருங்க?"

"நாச்சிமுத்துங்க. பொள்ளாச்சி. அந்த அம்மணி எழுதி வெச்சதை எடுத்துப்போட்டது நீங்கதானுங்களா?"

"அண்ணா, அது வந்து ஒரு டீமா சேந்து எடுத்த முடிவுங்க. பல காரணங்கள்…"

"காரணம் வேண்டாமுங்க. நீங்கதானுங்களா, இல்லீங்களா?"

 இந்த முறை கூடத்தில் யாரும் மேசையைப் பார்க்கவில்லை. பார்க்க மேசை இல்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நின்று, வாய்க்குள்ளேயே, "ஆமாங்க" என்றார்.

"அதுல சொல்லுங்க" என்று நாச்சிமுத்து ஊன்றுகோலால் ஒலிபெருக்கியைக் காட்டினார்.

சொன்னார். கூடம் முழுவதும் கேட்டது.

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "செரிங்க" என்றார். மெஹரின் படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். பாப்பாத்தி அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. அந்த ஒரு சொல்லை மெஹர் கேட்டிருக்க வேண்டும், கொஞ்ச நாள் முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்ற எரிச்சல்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு வாசலில் துணைத் தலைவர் என்னிடம் வந்தார். கொஞ்சம் வயதாகிவிட்டதுபோல் இருந்தார். "சொல்லிட்டேனுங்களேம்மா, அத்தனை பேரு முன்னாடி. அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. இனியாவது இதை உட்டுரலாமுங்களா?" என்றார்.

உங்களில் சிலரும் என்னிடம் அதையே சொன்னீர்கள். இறந்தவரோடு பகையும் போகட்டும் என்று. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். மெஹரின் அறிவை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அவர் எழுதியதை ஒவ்வொரு நாளும் ஏஜெண்டுகள் படிக்கின்றன. அவர் அன்பை ஷமீமாவின் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கோபத்துக்குத்தான் யாரும் வரவில்லை.

"அவங்க உட்டுட்டுப் போகலீங்க சார்," என்றேன். "என்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கறாங்க."

அது என்னிடம் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.